எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிய வேலை

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கரண்ட் வேலையில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு குழிதான். கரண்ட் வேலை படிக்கிற பிள்ளைகள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

அறுபதுகளின் தொடக்கத்தில், தொண்டியில் நான் வேலை பார்த்த முதலாளி வீட்டுக்குக் கரண்ட் வந்தது. கார் ஷெட்டிலும் ஒரு மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் வைத்தார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்த வயர்மேன் ஷெட்டுக்கு வெளியே ஆழமாகக் குழி வெட்டி, இரும்புக் குழாயை நட்டு, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். பிளக் பாயிண்டிலிருந்து ஒரு வெறும் செம்புக் கம்பி வந்து அந்தக் குழாயில் முடிந்தது. அதுதான் எர்த்; கசிகிற கரண்டை ஆள்மேல் பாயவிடாமல் மண்ணுக்குள் இறக்குகிற வழி.

"இது கடக்கரை மணலு, தண்ணி நிக்காது. குழி காஞ்சா எர்த் வேல செய்யாது. தெனம் காலையில ரெண்டு கொடம் ஊத்தணும். யாரு ஊத்துவா?"

ஷெட் கூட்டுகிற என்னைக் கை காட்டினார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆண்களோடு பேச எனக்கு நாக்கே எழாது.

முதலாளியம்மா தினமும் கேலி செய்வார்கள். "ஏ காளியம்மா, கம்பிக்குத் தண்ணி ஊத்துறியே, எப்ப பூக்குமாம்?"

2. வாளைக் கருவாடு

ஒரு நாள் காலையில் மண்குடத்தோடு போனால் குழாய் கம்பியில்லாமல் மொட்டையாக நிற்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். ஷெட்டுத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே அந்தச் செம்புக் கம்பி. அதில் வரிசையாக வாளை மீன் காய்கிறது.

உள்ளே டிரைவர் சவரிமுத்து அண்ணன் காரைக் கழுவிவிட்டு ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றார். காருக்கு அடியில் பார்க்கப் பிடிக்கிற ஹேண்ட் லாம்பின் பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு, பலகையில் கிடந்த லாம்பை, பல்பைச் சுற்றியிருந்த இரும்புக் கூட்டைப் பிடித்து எடுக்கக் குனிந்தார்.

"அண்ணே! தொடாதீக!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். குடம் விழுந்து உடைந்தது. அண்ணன் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏத்தா! ஒனக்கு வாய் இருக்கா?"

நான் வாளை மீனைக் காட்டினேன்.

"அதுல கரண்டு ஓடலத்தா. சும்மா கெடக்குற கம்பிதான? நாந்தான் அவுத்து மீனு காயப்போட்டேன். மீன்பிடிக்குற வீட்டுல பொறந்தவன் சும்மா கெடக்குற கம்பிய விடுவானா?"

"எர்த்துண்ணே" என்றேன். அவர் சுவிட்சை அணைக்கும்வரை நான் நகரவில்லை.

முதலாளி ஆளனுப்ப, மத்தியானப் பஸ்ஸில் வயர்மேன் வந்தார். லாம்பைப் பலகையிலேயே விட்டுச் சுவிட்சைப் போட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை இரும்புக் கூட்டிலும் மறு முனையை எர்த் குழாயிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. லாம்புக்குள் வயரின் ரப்பர் தேய்ந்து, கூடு முழுக்கக் கரண்ட்.

"எர்த் இருந்தா ஃபியூஸ் போயிருக்கும். இல்லாததால நீரு போயிருப்பீரு. வாளை மீனுக்குல்ல எர்த் குடுத்திருக்கீரு!"

அண்ணன் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். வயர்மேன் மீனை உருவிப் போட்டுவிட்டுக் கம்பியை மறுபடி குழாயில் முறுக்கினார். அதைப் பார்த்து அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

3. பிறகு

மறுநாள் அண்ணன் எனக்கொரு புதுக்குடம் கொண்டுவந்தார். குழிக்கு நாலடி தள்ளி ஒரு தென்னம்பிள்ளையும் நட்டார். "தென்னைக்கு ஊத்துற சாக்குல குழிக்கும் ஊத்து. நீ லீவு போட்டாலும் யாரும் மறக்க மாட்டாக." சில வருஷம் கழித்து, முதல் இளநீரை வெட்டி முதலாளியம்மா என்னிடம் நீட்டினார்கள்.

"ஒன் கம்பி காய்ச்சிருச்சு. குடி."

கார் ஷெட்டில் பிளக் பாயிண்ட் வைக்கிற பிள்ளைகளே, ஈரக்காலோடு சுவிட்சுக்குப் போகாதீர்கள். எர்த் கம்பி தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கூச்சப்படாமல் கத்திவிடுங்கள். குடம் போனால் போகட்டும்.