எஞ்சின் எண் இல்லாத வள்ளம்

எங்கள் அலுவலகத்தின் ஒரே சன்னலை ஒரு படம் மூடியிருந்தது. ராமநாதபுரத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்த ஏசி அறை அது. வெயில் விழுந்தால் கம்ப்யூட்டர் திரை தெரியாது என்று, பெரிய தாளில் அச்சடித்த வடிவமைப்புப் படத்தைக் கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்தார்கள். படகு ஒரு கட்டம், எஞ்சின் ஒரு கட்டம், உரிமையாளர் ஒரு கட்டம். நடுவில் கோடுகள், கோடுகளின் முனையில் எண்கள். அதைச் சென்னை மேலாளர் சொல்லச் சொல்ல வரைந்தவர் எனக்கு எதிரே அமர்ந்திருந்த அக்கா. சாயல்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றே அழைப்பார்கள்.

ஆபத்தில் இருக்கும் மீனவர் படகிலுள்ள கருவியில் ஒரு பொத்தானை அமுக்கினால் கரைக்குச் செய்தி போக வேண்டும். அந்தச் செய்தியை வாங்கிக் கடத்தும் வெப் சர்வீஸைச் செய்வது எங்கள் வேலை. எந்தத் தகவலை எந்த வடிவில் அனுப்பினால் ஏற்றுக்கொள்ளப்படும் என்பதைச் சொல்லும் விவரக்குறிப்பை நாங்கள் எழுதுவதில்லை. அக்காவின் படத்தைப் படித்து ஒரு மென்பொருள் தானே எழுதிவிடும். கருவியையும் கரை அலுவலகத்தையும் இதோடு இணைக்கும் மற்ற கம்பெனிகளின் நிரல்கள் அதை எழுத்துக்கு எழுத்து நம்பி நடக்கும்.

படத்தில் படகுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்த கோட்டின் முனையில் ‘ஒன்று’ என்று இருந்தது; ஒரு படகுக்கு ஓர் எஞ்சின் இருந்தே ஆக வேண்டும் என்று பொருள். அதனால் எஞ்சின் எண் இல்லாத படகைப் பதிவு செய்ய முடியாது. பாய் கட்டி ஓட்டும் சின்ன வள்ளங்கள் இருப்பது தெரிந்ததும் அக்கா மேலாளரிடம் சொன்னார். மற்ற கம்பெனிகள் வேலையை முடித்துவிட்டன, இனிமேல் படத்தைத் தொடக்கூடாது என்று பதில் வந்தது. அக்கா விவரக்குறிப்பைக் கையால் திருத்தினார். மறுநாள் காலை மென்பொருள் படத்தைப் படித்துப் புதிதாக எழுதியபோது திருத்தம் அழிந்துபோனது. மறுபடி திருத்தினார், மறுபடி அழிந்தது. கொஞ்ச நாள் இப்படியே போனது. சுவரோடு பேசுவது போல இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.

கடற்கரை ஊர்களில் ஆட்கள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள். எஞ்சின் இல்லாத வள்ளத்துக்குப் பக்கத்து வீட்டுப் படகின் எஞ்சின் எண்ணைக் கொடுத்துப் பதிந்தார்கள். புதுமடத்து அண்ணன் தம்பி இருவரின் வள்ளமும் அப்படிப் பதிந்ததுதான். காற்றில் பாய்மரம் முறிந்ததும் தம்பி பொத்தானை அமுக்கியிருக்கிறான். கரையில் இருந்தவர்கள் அந்த எண்ணுக்குரியவருக்குப் போன் செய்ய, அவரோ, வீட்டில்தான் இருக்கிறேன் என்றிருக்கிறார். தவறான அழைப்பு என்று முடித்துவிட்டார்கள். மறுநாள் மண்டபத்து விசைப்படகு ஒன்று தற்செயலாகப் பார்த்து இருவரையும் தூக்கி வந்தது.

கேள்விப்பட்டதும் அக்காவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் கண் திறக்காமல் கிடந்தான். உதடு வெடித்திருந்த தம்பி, நாங்கள் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கோபமே இல்லாமல் சொன்னான்:

“அமுக்கிக்கிட்டேதான்க்கா இருந்தேன். அங்கன யாருக்கும் கேக்கலையா?”

மறுநாள் அலுவலகம் திறந்ததும் அக்கா யாரையும் கேட்காமல் படத்தைத் திரையில் திறந்தார். அந்தக் கோட்டின் முனையில் இருந்த ‘ஒன்று’ என்பதை ‘இல்லை அல்லது ஒன்று’ என்று மாற்றி, மென்பொருளை ஓடவிட்டார். புதிய விவரக்குறிப்பு வந்தது; இம்முறை அதை அழிக்க எதுவும் இல்லை.

மதியத்துக்குள் மற்ற கம்பெனிகளின் நிரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேலாளர் போனில் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஆனால் இருவர் கடலில் கிடந்து வந்த பிறகு, காரணத்தை எழுத்தில் தந்து மாற்றத்தைத் திரும்பப் பெறச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. மாற்றம் அப்படியே நிலைத்தது; அக்காவின் கையிலிருந்து படம் போனது. பிறர் செய்ததைச் சரிபார்க்கும் வேலையில் அவரை உட்கார்த்தினார்கள். சம்பள உயர்வு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. புருஷனுக்கு வயல், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று அவருக்கு ஊரை விட்டு நகர வழியில்லை. இந்த வேலைக்கு அந்த வட்டாரத்தில் வேறு அலுவலகமும் இல்லை.

நான் வேறு வேலை கிடைத்துப் பெங்களூருக்கு வந்துவிட்டேன். போன பொங்கலுக்கு ஊர் போனபோது பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். இப்போது வீட்டிலிருந்தே செய்யும் வேலைகள் நிறைய இருக்கின்றன, என் பெங்களூர்க் கம்பெனியிலேயே கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவர் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

“புது வெர்ஷன் வரும்போதெல்லாம் எஞ்சின் நம்பரைக் கட்டாயமாக்கணும்னு ஒருத்தர் கிளம்பிருதாரு தம்பி. வேண்டாம்னு சொல்ல அந்த மீட்டிங்ல நான் ஒருத்திதான் இருக்கேன்.”

சாயல்குடி பஸ் வந்து நின்றது. திங்கள்கிழமை மறுபடி ஒரு மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி ஏறிப் போனார்.