எனக்குக் கடனே இல்லை

எனக்குக் கடன் என்றாலே ஆகாது. ஓசூரில் ஒரு கம்பெனிச் சம்பளத்தை வைத்துக்கொண்டு, தவணையில் ஒரு மிக்ஸிகூட வாங்காமல் குடும்பம் நடத்துகிறேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு மஞ்சுளா வந்தாள். மகனின் காலேஜ் ஃபீஸுக்காக மகளிர் குழுக்கடன் கேட்டிருந்தாள். குழுவில் ஒரு ஆள் குறைந்தால் யாருக்குமே பணம் கிடைக்காது.

"உன் பேரு மட்டும் குடு, அக்கா. உன் பங்கையும் நானே கட்டிடறேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இஷ்டத்துக்குச் செலவு பண்ணிட்டு என்னை ஏன் இழுக்கறீங்க?"

அவள் திரும்பிப் போய்விட்டாள்.

கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. பள்ளி விட்டதும் என் மகள் போவது மஞ்சுளா வீட்டுக்குத்தான். இத்தனை வருடமாக அதற்கு அவள் ஒரு பைசா வாங்கியதில்லை. அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. அவள் மேலும் எரிச்சல், என் மேலும் எரிச்சல்.

மாலையில் ஓடிப்போய்ப் பார்த்தால், மகள் அங்கே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா, நாளைக்கும் இங்கயே வந்துடு" என்று அவளிடம் சொன்ன மஞ்சுளா, என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இன்றுவரை நான் அந்தக் குழுக்கடனுக்குக் கையெழுத்துப் போடவில்லை. ஆனால், எனக்குக் கடனே இல்லை என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை.