கழுகுப்பாறையில் ஏறியவர்கள்

நம்பாதவர்கள் மேட்டுப்பாளையம் வந்து முத்துராஜையே கேட்டுக்கொள்ளலாம். இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. மணியும் கிலோவும் அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அவர் கதை விடுகிற ஆள் இல்லை. முப்பத்தொரு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி, ஒரு விபத்துகூட இல்லாமல் ஓய்வு பெற்றவர்.

அந்த முப்பத்தொரு வருடத்தில் அவர் ஊட்டிக்கு ஏற்றிப்போன கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் மனைவி ராஜகுமாரியை ஒரு தடவைகூட அழைத்துப்போனதில்லை. லீவு நாளில் மலை என்றாலே அவருக்குக் கசக்கும். "அந்தக் கூட்டத்துல எவன் போவான்?" என்பார். ராஜகுமாரியும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அது அவரை உறுத்தியது. பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஓடுகிற வீடாக மாற்றினார். முன்னால் இரண்டு சீட்டு மட்டும் மிச்சம். அவற்றுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி, அதில் ஒரு திரை. முதல் பயணம் கழுகுப்பாறைக்கு என்று ராஜகுமாரி சொல்லிவிட்டார். டிவியில் பார்த்த இடம்.

கழுகுப்பாறை பிக்கட்டிப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கிறது. பாறை நுனியில் நின்றால் காலுக்குக் கீழே மேகம் போகும். சனி, ஞாயிறில் அங்கே போட்டோ எடுக்கவே வரிசையில் நிற்க வேண்டும். அதனால் முத்துராஜ் ஆடி மாதத்து மழையில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். இது போன வருடம். இ-பாஸ் எடுத்து, முந்தின நாளே கிளம்பி, மஞ்சூரில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியிலேயே தூங்கினார்கள். இருட்டோடு மேலே போய், விடியலைப் பார்த்துவிட்டு, முதல் ஜீப் வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். அதுதான் திட்டம்.

அதிகாலை 4:50. கழுகுப்பாறைத் திடலில் வண்டியை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் போட்டார். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. வெள்ளைப் பஞ்சுபோல மூடுபனி. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

ராஜகுமாரி இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்தார். "ஏனுங்க, நமக்குன்னே தொறந்து வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது என்று முத்துராஜ் நினைத்துக்கொண்டார். டீ டம்ளரை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

5:05. வெளியே செருப்புச் சத்தம்.

சரக்... சரக்... சரக்...

ஈரச் சரளையில் பல பேர் நடக்கிற சத்தம். யாரும் பேசவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது.

"கொழுந்து பறிக்கப் போறவங்களா இருக்கும்" என்றார் ராஜகுமாரி.

இந்நேரத்துக்கு யார் கொழுந்து பறிக்கப் போவார்கள்? முத்துராஜ் அதைச் சொல்லவில்லை. அவளைப் பயமுறுத்துவானேன்?

5:12. பக்கக் கதவில் யாரோ தட்டினார்கள்.

டொக்... டொக்...

கதவின் கைப்பிடிப் பக்கம் அல்ல. கீழே. முழங்கால் உயரத்தில்.

பிறகு ஒரு குரல். சின்னக் குரல்.

"எடமிருக்கா...?"

தோட்டத் தொழிலாளர் லயத்துக் குடும்பம் ஏதோ, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்கிறது என்று ராஜகுமாரி நினைத்தார். பனியில் பிள்ளையோடு நிற்கிறார்களே என்று மனசு கேட்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்தார்.

"இருக்குது கண்ணு. வாங்க, எல்லாரும் ஏறிக்குங்க."

வெளியே யாரும் இல்லை.

பனி மட்டும் படியில் ஏறி உள்ளே வந்தது.

அப்போதுதான் வண்டி அமுங்கியது.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பஸ் டிரைவருக்குக் கண் முன்னாலும், உடம்பு பின்னாலும் இருக்கும். பின்னால் ஒருவர் படியில் கால் வைத்தால், அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை ஒரு முனகல் முனகி வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். திரும்பிப் பார்க்காமலே எத்தனை பேர் ஏறினார்கள் என்று முத்துராஜுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

கிரீச்... ஒன்று.

"ராஜி, நீ எறங்கி ஏறுனியா?"

"நான் நின்ன எடத்துலயேதான் இருக்கேன்."

கிரீச்... இரண்டு.

கிரீச்... மூன்று.

கனமான ஆள். அப்புறம் லேசான ஆள். அவர் கை ஸ்டீயரிங்கிலேயே உறைந்துவிட்டது. மனசு தானாக எண்ணியது. பதின்மூன்று வரை எண்ணினார். கடைசியாக ஒன்று. பட்டை முனகவில்லை. தகடு மட்டும் 'டிக்' என்றது. பூனை குதித்து ஏறினால் அப்படி இருக்கும்.

பதினான்கு.

உள்ளே சேற்று வாடை. புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை. சன்னல் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்தன... நிறையப் பேர் நெருக்கிக்கொண்டு மூச்சு விடுவதுபோல.

"கதவைச் சாத்திட்டு முன்னால வா" என்றார் முத்துராஜ்.

ராஜகுமாரி கதவைச் சாத்தினார். நடுவில் காலியாகக் கிடந்த இடத்தை ஒதுங்கி ஒதுங்கிக் கடந்து வந்தார். பஸ்ஸில் நெரிசலுக்குள் நடந்து வருகிற மாதிரி. ஏன் அப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. சீட்டில் உட்கார்ந்தபோது அவருடைய இடது தோள் நனைந்திருந்தது.

5:20. கல்லை எடுக்கக்கூட முத்துராஜ் இறங்கவில்லை. கல்லின் மேலேயே ஏற்றி வண்டியை எடுத்தார்.

கீழே எஸ்டேட் ஃபேக்டரி வரை ஆறு கிலோமீட்டர். பதினோரு கொண்டை ஊசி வளைவுகள்.

முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. ஏறும்போது பூப்போலத் திரும்பிய வண்டி, இப்போது திரும்ப மறுத்தது. ஆள் ஏற்றிய வண்டி. நிற்கிற ஆட்களோடு நிறைந்த வண்டி. வளைவு எடுக்கும்போது பாரம் ஒரு பக்கமாகச் சரிந்து, அப்புறம் மெதுவாகத் திரும்பி வந்தது.

இரண்டாவது கியர். பிறகு முதல் கியர். அப்படியும் வண்டி தள்ளிக்கொண்டு போனது.

ஐந்தாவது வளைவில் பிரேக் கருகும் நாற்றம்.

ஏழாவது வளைவில் பெடல் பாதி வரை போனது.

ராஜகுமாரி கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டார். முத்துராஜ் சாமியைக் கூப்பிடவில்லை. ரோட்டைத்தான் பார்த்தார். இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் மண்மேடு.

ஒன்பதாவது வளைவு. 5:47.

பெடலை மிதித்தார்.

கால் தரையைத் தொட்டது.

பிரேக் இல்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மண்மேட்டின் மேல் உரசவிட்டார். தகடு கிழிகிற சத்தம். அந்த நொடியில், பழக்கதோஷம், தன்னையறியாமல் கத்திவிட்டார்.

"எல்லாரும் கம்பியைப் புடிச்சுக்குங்க!"

பின்னால்...

இரும்புக் கம்பி 'கிர்ர்' என்று வளைந்தது.

எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

வண்டி நின்றது. முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இரண்டு முழம். முத்துராஜ் அழுதார். ராஜகுமாரிதான் அவர் முதுகைத் தட்டி, "ஓட்டுங்க. நின்னா இங்கியே இருந்துருவாங்க" என்றார். பெடலை விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் பிரேக் திரும்பியது. மிச்சம் இரண்டு வளைவையும் ஊர்ந்தே கடந்தார்.

6:04. ஃபேக்டரி வாசல். சுற்றுவட்டாரத்தில் அதுதான் சமதரை. இலை ஏற்றி வரும் லாரியை எடை போடும் மேடை அங்கே இருந்தது. அதன்மேல் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு இரண்டு பேரும் குதித்து இறங்கினார்கள். சக்கரங்களிலிருந்து புகை வந்தது.

எடை போடும் அறையிலிருந்து ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். பெயர் அழகையா. அறுபது வயதிருக்கும். சின்னப் பிள்ளையில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்.

"தண்ணி ஊத்திராதீங்க, பிரேக் டிரம் வெடிச்சுரும்!" என்றார் முத்துராஜ்.

அழகையா வாளியை வைத்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு அறைச் சன்னலில் எரிந்த சிவப்பு எண்ணைப் பார்த்தார்.

4,710.

"உள்ள எத்தன பேருங்க ஐயா?"

"யாருமில்லீங்க. நாங்க ரெண்டு பேருதான். எறங்கிட்டோம்."

"காலி வண்டி எவ்வளவு?"

ஆர்.சி. புத்தகத்துக்காக எடை போட்டது முத்துராஜுக்கு மனப்பாடம். தொட்டி நிறையத் தண்ணீர், சிலிண்டர், கட்டில் எல்லாம் சேர்த்து 3,910.

எண்ணூறு கிலோ அதிகம்.

மூன்று பேரும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கக் கதவு சாத்தியபடியே இருந்தது.

கிரீச்...

4,645.

கிரீச்...

4,590.

கிரீச்...

4,510.

ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் அளவு. அழகையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிணம் போகும்போது நிற்கிற மாதிரி நின்றார்.

பதின்மூன்று தடவை இறங்கியது.

3,930.

அதற்குமேல் எண் அசையவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள்.

அசையவில்லை.

"நீங்க ஏறச் சொன்னீங்களா?" என்று அழகையா ராஜகுமாரியைக் கேட்டார்.

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

அழகையா சொன்னது இவ்வளவுதான். எட்டு வருடத்துக்கு முன், இதே ஆடி மாதம். கீழே சமவெளியிலிருந்து ஒரு குடும்பம், மொத்தம் பதினான்கு பேர், கூட்டம் வருவதற்கு முன்னால் கழுகுப்பாறையைப் பார்த்துவிட வேண்டும் என்று விடியுமுன்னே வேன் பிடித்து வந்தார்கள். டிரைவர் வேனைத் திருப்பிக்கொண்டு வரப் போனான். இவர்கள் திடல் ஓரத்தில் ஏறுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். நின்ற மண் அப்படியே சரிந்து போனது.

"பதிமூணு பொணம் எடுத்தோம். இலை லாரியிலதான் கொண்டாந்தோம். இந்த மேடையிலதான் வரிசையா எறக்கி வச்சோம். அதான் இங்க எறங்கிட்டாங்க." அவர் வண்டிக் கதவைப் பார்த்தார். "ஒரு பொம்பளப் புள்ள. அஞ்சு வயசு. பதினோரு நாள் தேடினோம். கெடைக்கல. அந்தப் புள்ளைய எங்கயுமே எறக்கி வைக்கலியே ஐயா... அதுக்கு எறங்குற எடம் எப்படித் தெரியும்?"

பிரேக்கைச் சரிசெய்து, அன்று மாலை ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாளே வண்டியை விற்றுவிடலாம் என்றார் முத்துராஜ். ராஜகுமாரி ஒத்துக்கொள்ளவில்லை. "நான்தான ஏறச் சொன்னேன். வித்தா யாரு கைக்குப் போகுமோ" என்றார். சுற்றுலா அதோடு நின்றுபோனது. வண்டி வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் மூடி நிற்கிறது. ராத்திரி வண்டிக்குள் ஒரு சின்ன விளக்கு எரியும். அதை அணைக்க ராஜகுமாரி யாரையும் விடுவதில்லை.

முத்துராஜ் மட்டும் அவருக்குத் தெரியாமல், போன ஐப்பசியில் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோனார். தொட்டி நிறையத் தண்ணீர், அதே சிலிண்டர், அதே கட்டில். 3,930.

இந்த ஆடியில் மறுபடியும் கொண்டுபோனார். எடைச் சீட்டை என்னிடம் காட்டினார்.

3,935.

"புள்ள வளருதுங்க" என்றார்.