அக்கா சொன்ன வரி

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, பேரு மட்டும் போடாத" என்றாள்.

இருபது வருடங்களாகக் கிராமியக் கச்சேரிகளுக்குப் பாட்டு எழுதுகிறேன். திருவாரூர்ப் பக்கம் ஒரு குழு. பாடுகிற பெண்ணுக்கு நல்ல கனத்த குரல். காப்புக்கட்டு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதற்குக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். பாடி முடித்த மறுநாளே மறந்துவிடுகிற பாட்டுகள்.

அக்காவை வேதாரண்யத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் வேலைக்கென்று வெளிநாடு போனார். ஒரு வருடம் போன் வந்தது, பிறகு நின்றுபோனது. அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டதாகத் தெரிந்தவர்கள் வந்து சொன்னார்கள். அக்கா ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

ஒருநாள் காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள்.

"அவரு செருப்பையும் எடுத்தாந்துட்டேன்டா. வாசல்ல போட்டு வச்சிருக்கேன். நாய் தூக்கிட்டுப் போயிடுமோன்னு பொழுது சாஞ்சா உள்ள எடுத்து வைக்கிறேன்."

உள்ளே போய் நோட்டை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். மத்தியானத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டது. அவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதியதில்லை.

குழு அதைப் பாடி யூடியூபில் போட்டது. மூன்று மாதத்தில் மினி பஸ், டீக்கடை, கல்யாண மண்டபம் எங்கும் அதுதான். திருவிடைமருதூரில் மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். "செருப்பு வரி எப்படிங்க வந்துச்சு?" என்று மைக்கில் கேட்டார்கள். "தானா தோணுச்சுங்க" என்றேன்.

அந்த வருடம் சம்பா நடவுக்குப் போன அக்கா பாதியிலேயே திரும்பி வந்தாள். காலில் சேறு காயவில்லை. வயலில் பெண்கள் அவளைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். ஒருத்தி 'செருப்புக்காரி' என்றே கூப்பிட்டிருக்கிறாள்.

"ஒங்கிட்டதானடா சொன்னேன்" என்றாள். "எழுதுனது கூட பரவால்ல. எழுதட்டுமாக்கான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

அடுத்த வாரம் அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

இனி அந்தப் பாட்டு வேண்டாம் என்று பாடகியிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அத பாடாம என்னை மேடைய விட்டு எறங்க விட மாட்டாங்கண்ணே" என்றார். அதுவும் உண்மைதான். அதற்குப் பிறகு எவ்வளவோ எழுதினேன். ஒன்றுகூட நிற்கவில்லை. புதுப் பாட்டு என்று அறிவித்தாலே கூட்டம் பழையதைக் கேட்டுக் கத்துகிறது.

அக்கா பொங்கலுக்குப் போன் செய்வாள். மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்பாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள். நானும் கேட்பதில்லை.

போன ஐப்பசியில் அம்மா படுக்கையில் விழுந்தபோது வந்து பத்து நாள் கூடவே இருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்து, காரியமும் முடிந்த பிறகு அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என்னைப் பார்த்தாள்.

"கடைசியா அம்மா ஏங்கிட்ட ஒண்ணு சொன்னுச்சு."

"என்னக்கா?"

"வேணாம்டா. ஒங்கிட்ட சொல்ல முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.