கேபிளுக்கு எட்டு ஆப்சென்ட்

என் வகுப்பில் ஏழு நிமிடம்தான் கணக்கு. காலை ஒன்பது மணிக்குத் திரையில் ஐந்து கேள்விகள் வரும், ஒன்பது ஏழுக்குத் தானாக மறைந்துவிடும். அதற்குள் பதில் அனுப்பியவர் வந்தவர், அனுப்பாதவர் வராதவர். ஆள் முதல் வரிசையில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தாலும் அன்றைக்கு ஆப்சென்ட்தான். இருபத்தெட்டு வகுப்புகளில் ஏழு வரை மன்னிப்பு உண்டு. எட்டாவது விழுந்தால் இறுதித் தேர்வு எழுத முடியாது. இதை மேலிடத்தில் யாரோ உட்கார்ந்து எழுதவில்லை. நான்தான் எழுதினேன், பெருமையாகவே எழுதினேன்.

ஏனென்றால் என் புரோகிராமிங் பாடம் தலைகீழாக நடப்பது. விரிவுரையை வீடியோவாக வீட்டிலேயே பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் நான் வாயைத் திறக்கமாட்டேன். அவர்கள் நாலு நாலு பேராக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள், நான் நடுவே சுற்றிவருவேன். வீடியோ பார்க்காமல் வருகிறவர் மற்ற மூன்று பேரின் தலையில் மிளகாய் அரைப்பார். அந்த ஆளை வடிகட்டத்தான் ஏழு நிமிட டெஸ்ட். அந்த டெஸ்டுக்கும் வகுப்பு வேலைக்கும் சேர்த்து நூற்றுக்கு நாற்பது மதிப்பெண்.

கம்ப்யூட்டர் லேப்பில் நடக்கும் அந்த வகுப்பில் அறுபது பேர் இளசுகள், ஒருவர் மட்டும் முப்பத்தொன்பது வயது. கடைசி வரிசையில் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. கல்லூரியின் லேப் அசிஸ்டென்ட். சட்டைப் பையில் எப்போதும் சுருட்டிய கேபிள் ஒன்று எட்டிப் பார்க்கும், அதனால் எல்லோருக்கும் அவர் கேபிள். வேலையில் சேர்ந்து பதினாறு வருடம். பகுதிநேரப் பட்டத்தில் எல்லாப் பாடமும் தேறிவிட்டார், என் பாடம் ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் டெக்னிகல் ஆபீசர் பதவிக்கு மனு போடலாம். நாற்பது வயதுக்கு மேல் அந்த மனுவை வாங்கமாட்டார்கள். அவருக்கு மிஞ்சியது இந்த ஒரு பருவம்தான்.

வருகைக் கணக்கிலும் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஒரு நாள் நெட்வொர்க் படுத்துவிட்டதால், கணினியில் உள்ளே நுழைந்தாலே வந்ததாக எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளை மாற்றச் சொன்னேன். ஆனால் சில புத்திசாலிகள் உள்ளே நுழைந்துவிட்டு டெஸ்டை அனுப்பாமல் நழுவ ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்டவர்களைத் தினமும் மாலையில் பார்த்து, 'வந்தார்' என்பதை 'வரவில்லை' என்று திருத்துவது கேபிளின் பொறுப்பு. அவரே மாணவராகவும் இருப்பதால் ஒரு காவல் வைத்தேன். தன் பெயரில் தானே கைவைத்தால் எனக்குச் சிவப்பு எழுத்தில் ஒரு மெயில் வரும்.

பருவத்தின் கடைசிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்தச் சிவப்பு மெயில் கண்ணில் பட்டது. கேபிள் தன் வருகையைத் தானே திருத்தியிருக்கிறார். இது எட்டாவது முறை. பதறிப்போய்த் தேடினால் முந்தைய ஏழு மெயில்களும் பிரிக்காமலே கிடந்தன. வீடியோ பார்க்காமல் வருகிறவர்களை வாய் கிழியத் திட்டுகிற நான், எனக்கு வந்த மெயிலைப் பார்ப்பதில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, அது ஊரறிந்த விஷயம். நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்தால் அலமாரியைத் திறந்துவிட்டாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டியலைத் திறந்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும், அதையும் செய்யவில்லை. துறைத் தலைவருக்கு ஒன்றரைப் பக்கத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். அவர் உடனே வருகைப் பட்டியலைப் பூட்டினார். புதன்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் தேர்வும் இல்லை, வேலையும் போகும்.

செவ்வாய் மாலை ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். பின்னால் தையல் மெஷின் ஓடி நின்றது.

"மேடம், நான் உங்க லேப் அசிஸ்டென்ட்டோட வீட்டம்மா பேசறேன். உங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும். வாரம் பூரா எங்க வீட்லதானே பேசிட்டிருக்கீங்க."

"சொல்லுங்க."

"ஹெட்போன் ஒரு காது வேலை செய்யல. அதனால சத்தமா வெச்சுதான் பார்ப்பார். நான் யூனிஃபார்ம் தெச்சுக்கிட்டே கேப்பேன். லூப்புன்னா என்னன்னு இப்ப எனக்கே தெரியும் மேடம். அவர் ஒரு வீடியோவைக்கூட விட்டதில்ல."

"வீடியோ பார்த்தாரா இல்லையாங்கறது பிரச்சினை இல்லம்மா. திருத்தக் கூடாததத் திருத்தியிருக்கார்."

"அவரா? பாக்கிச் சில்லறை ஒரு ரூபா கூட வந்தா கடைக்குத் திரும்பிப் போற மனுஷன். நாளைக்கு அவர் பேசமாட்டார் மேடம், நீங்கதான் கேக்கணும்."

"நாளைக்குப் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். மனசுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை.

புதன்கிழமை பதினோரு மணி. துறைத் தலைவரின் அறையில் மூன்று நாற்காலிகள், ஓயாமல் கீச்சிடும் ஒரு மின்விசிறி. கேபிள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார், பையில் கேபிள் இல்லை. உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். துறைத் தலைவர் பூட்டிய பட்டியலைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஒரு முறை படித்தவர் மறுபடியும் படித்தார்.

"மேடம், நீங்க இதப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா சார்? எட்டுத் தடவை கைவெச்சிருக்கார்."

"வெச்சிருக்கார். எட்டுத் தடவையும் 'வந்தார்'னு இருந்ததை 'வரவில்லை'ன்னு மாத்தியிருக்கார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். எட்டு வரிகள், எட்டிலும் அப்படித்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட ஆளை, திருடன் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

"ஏன்யா இப்படிப் பண்ணீங்க?" என்றார் துறைத் தலைவர்.

"டெஸ்ட் அனுப்பல சார். அனுப்பாதவங்களுக்கு மாத்தணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. மத்த பசங்களுக்கு மாத்திட்டு எனக்கு மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

"சரி. அப்ப மோசடி இல்ல." துறைத் தலைவர் பேனாவை மூடினார். "ஆனா எட்டு ஆப்சென்ட் நிக்குது. ரூல்படி தேர்வு எழுத முடியாது. மேடம், ரூல் உங்களோடது. என்ன சொல்றீங்க?"

அந்த இடத்திலாவது நான் தணிந்திருக்க வேண்டும். அவமானப்பட்டவளுக்கு வீம்புதான் வந்தது. "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். வீடியோ பாத்திருக்கார், வகுப்புக்கும் வந்திருக்கார். அஞ்சு கேள்விக்குப் பதில் அனுப்ப என்ன கேடு?"

கேபிள் தரையைப் பார்த்தார்.

"அந்த எட்டு நாளும் ஒன்பது மணிக்கு எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

"லேப்லதான் சார்."

"லேப்ல இருந்துக்கிட்டு ஏன் எழுதல?"

கேபிள் மறுபடியும் தரையைத்தான் பார்த்தார். நாளைக்கு அவர் பேசமாட்டார் என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. துறைத் தலைவர் மணியடித்து லேப்பின் பழுதுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். எந்த மெஷின், என்ன கோளாறு, எத்தனை மணிக்கு, யார் கூப்பிட்டார்கள் என்று அன்றாடம் கேபிள் எழுதிவைக்கும் நீளமான நோட்டு அது. துறைத் தலைவர் எட்டுத் தேதிகளையும் தேடித் தாளை மடித்து, என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வாசிங்க மேடம்."

வாசித்தேன். ஒன்பது இரண்டு, புரொஜெக்டர் தெரியவில்லை. ஒன்பது நான்கு, மூன்றாம் வரிசையில் ஒரு மெஷின் உறைந்துவிட்டது. ஒன்பது ஒன்று, ஒரு மாணவிக்கு கீபோர்டு வேலை செய்யவில்லை. கூப்பிட்டவர் என்ற கட்டத்தில் எட்டு வரிகளிலும் இருந்தது என் பெயர்.

"கேபிள், இதக் கொஞ்சம் பாருங்க." எத்தனை முறை சொல்லியிருப்பேன். கடைசி வரிசையில் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தவரை, அவரும் எழுதுகிறார் என்ற நினைப்பே இல்லாமல் எழுப்பியிருக்கிறேன்.

துறைத் தலைவர் இன்னொரு காகிதக் கட்டையும் எடுத்தார். "இது அவரோட பெர்மிஷன் சீட்டு. உங்க வகுப்பு இருக்கற ரெண்டு மணி நேரத்துக்கும் ஒவ்வொரு தடவையும் பெர்மிஷன் எழுதிக் கொடுத்துட்டு, சாயங்காலம் ஏழு வரைக்கும் இருந்து ஈடு கட்டியிருக்கார். அந்த நேரத்துல அவர் உங்க மாணவர் மட்டும்தான்."

எட்டாவது வரியைப் படித்தபோது அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. போன வியாழக்கிழமை. ஒன்பது மூன்றுக்கு நடு வரிசை மொத்தமும் அணைந்தது. கேபிளைக் கூப்பிட்டேன். அவர் எழவில்லை. கீபோர்டில் கைவைத்தபடி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏழு ஆப்சென்ட் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். இது எட்டாவது என்றும் தெரியும். நான் எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "என்ன யோசனை? பசங்களுக்கு டைம் போகுது!" எழுந்துபோய்ச் சரிசெய்தார். அந்த வரிசையின் பன்னிரண்டு பேருக்கும் மறுபடி ஏழு நிமிடம் கொடுத்தேன். சரிசெய்தவருக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே கேபிள்" என்றேன்.

"பதினாறு வருஷமா கூப்பிட்டா எந்திரிச்சுத்தான் பழக்கம் மேடம். அந்த நேரத்துல நான் ஸ்டூடண்டா, ஸ்டாஃபான்னு எனக்கே பிடிபடல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், துறைத் தலைவர் முன்னாலேயே கேட்டேன். என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். எட்டு நாளுக்கும் 'ஆசிரியர் எழுப்பியதால் டெஸ்ட் எழுதவில்லை' என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துறைத் தலைவர் எட்டையும் வந்ததாக மாற்றினார். தேர்வுக்கு வழி திறந்தது.

"மேடம், அந்த எட்டு டெஸ்டுக்கும் மார்க் சைபர்ல நிக்குதே" என்றார் கேபிள்.

"சராசரி போட்டுக் குடுத்துடறேன்."

"வேண்டாம் மேடம். எழுதிடறேன். படிச்சுத்தானே வந்தேன்."

அன்று மதியம் இரண்டு மணிக்கு லேப்பில் எட்டு டெஸ்டையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்தேன். எட்டேழு ஐம்பத்தாறு நிமிடம். கேபிள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்றேன்.

மூன்றாவது டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வகுப்பு ஆசிரியர் வேகவேகமாக வந்தார்.

"மேடம், கேபிள் உள்ள இருக்காரா? எங்க கிளாஸ்ல ஒரு மெஷினும் வேலை செய்யல. நாப்பது பேர் சும்மா உக்காந்திருக்காங்க."

"இருக்கார்."

"கொஞ்சம் கூப்பிடுங்களேன், ரெண்டு நிமிஷ வேலைதான்."

"முடியாது சார். டெஸ்ட் எழுதிட்டிருக்கார்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவின் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினார். நான் நகர்ந்து கதவை மறைத்து நின்றுகொண்டேன்.