ஒன்பதாம் பூத்தின் ஒரே ரிபப்ளிகன்

கால்டர் கவுண்டியின் ஒன்பதாம் பூத்தில் கடைசியாக ஒரு ரிபப்ளிகன் ஜெயித்தது எப்போது என்று கேட்டால், பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியில் கைவிடுவார்கள். சின்னவர்கள் சிரிப்பார்கள். லுவெல்லா பெட்டிஃபோர்ட் மட்டும் காபியை ஊதிக்கொண்டே, "போன தடவை. நான்தான்" என்பாள்.

அது பொய்யும் இல்லை. ஒன்பதாம் பூத்தின் ரிபப்ளிகன் கமிட்டித் தலைவி அவள். பதிவானது ஒரே ஓட்டு, அதை வாங்கியது அவள், போட்டதும் அவளே. வேட்பாளர் இல்லாத இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்று சீட்டில் அச்சிட்டிருந்தது. விளையாட்டாகத் தன் பெயரை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பட்டாணி உரித்தாள். மூன்று வாரம் கழித்து, தங்க முத்திரை குத்தி, அவள் நூறு சதவீத வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டதாகக் கவுண்டியிலிருந்து சான்றிதழ் வந்தது. அதற்கு மரச்சட்டம் போட்டுக் குளியலறையில் மாட்டினாள். அதற்குப் பிறகும் அவள் தோற்றதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் ரிபப்ளிகனே இல்லை. அந்த வட்டாரத்தில் யாருமே இல்லை. லுவெல்லாவின் தாத்தா காலத்தில் தெருவே ரிபப்ளிகனாக இருந்தது. பிறகு ஒரு பஞ்ச காலத்தில் தெருவே டெமாக்ரட்டாக மாறியது. மாறியது மாறியதுதான். கவுண்டி மன்றத்தில் பதினேழு நாற்காலி. ஏரிக்கரைப் பணக்காரப் பகுதியிலிருந்து இரண்டு ரிபப்ளிகன்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தீர்மானம் கொண்டுவருவார், இன்னொருவர் வழிமொழிவார், பதினைந்து பேர் தோற்கடிப்பார்கள். எல்லாம் முறையாக நடந்தது. அதில் ஒருவர் செத்துப்போனதும் மிச்சமிருந்தவருக்கு வழிமொழிய ஆள் இல்லாமல் போயிற்று. எட்டு வருஷம் அந்த மனிதர் தன்னந்தனியாகத் தீர்மானம் கொண்டுவந்துகொண்டே இருந்தார். தொலைக்காட்சியில் அவர் எழுந்து நிற்கும்போதெல்லாம் லுவெல்லாவுக்குப் பாவமாக இருக்கும்.

ஆக, ஜெயிப்பது யார் என்பது நவம்பர் பொதுத் தேர்தலில் முடிவாவதில்லை. மார்ச் மாதம், கட்சிக்குள் ஆளைப் பொறுக்கும் தேர்தலில்தான் முடிவாகும். அந்தத் தேர்தலுக்கு வருகிறவர் மேசைக்கு முன்னால் நின்று எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் பூத்தில் எல்லோரும் டெமாக்ரட் சீட்டைக் கேட்பார்கள். லுவெல்லா ஒருத்தி மட்டும் மற்றதைக் கேட்பாள்.

இந்த வினை தொண்ணூற்றிரண்டில் டெல்ராய் ஸ்பெயிட்ஸ் ரூபத்தில் வந்தது. டெல்ராய் டெமாக்ரட் கட்சியின் பூத் பொறுப்பாளர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவரிடம்தான் போக வேண்டும். எரிந்தால் நன்றி சொல்லவும் அவரிடமே போக வேண்டும். வாக்குச் சாவடியில் உட்காரும் ஐந்து அலுவலர்களில் ஒருவராவது மற்றக் கட்சிக்காரராக இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் கவுண்டி வெளியிலிருந்து ஆளை அனுப்பும். டெல்ராய் லுவெல்லாவின் சமையலறையில் உட்கார்ந்து, வறுத்த கேட்ஃபிஷ் மூன்று துண்டை முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பேருக்குத்தான் லுவெல்லா. மார்ச்சுல அந்தச் சீட்டை வாங்கினா உன் பேர் பதிவாயிடும். மனசுல நீ யாரா வேணா இருந்துக்கோ."

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள் லுவெல்லா. அங்கே அவள் பேச்சைக் கேட்டது பருப்பு மட்டும்தான், அதுவும் சில நாள் வேகாது. சாவடியிலோ கழுத்தில் அட்டை, கையில் சாவி, பேச்சில் சட்டம். நகரமன்ற உறுப்பினரே ஆனாலும் தரையில் போட்ட நீலக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில் என்றால் நிற்க வேண்டும். வருஷத்தில் ஒருநாள், இரண்டுநாள். மீதி நாளெல்லாம் அந்த நாளை நினைத்துக்கொண்டே அவளுக்கு ஓடிவிடும். அதற்கு அவள் கொடுத்த விலை, ஊரை ஆளப்போவது யார் என்று முடிவாகும் தேர்தலில் இருபத்தாறு வருஷமாக ஓட்டில்லாமல் போனது. அவள் வாங்கும் சீட்டில் பாதி இடங்கள் வெறுமையாக இருக்கும். ஒரு நிமிஷத்தில் போட்டுவிட்டு வந்து, அடுத்தவர் நேரம் எடுத்தால், "ஓட்டுப் போடுறீங்களா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறீங்களா?" என்று கேட்பாள்.

மாலையில் எண்ணிக்கை முடிந்ததும் முடிவுப் பட்டியலைக் கதவில் ஒட்டுவார்கள். டெமாக்ரட் முந்நூற்றுச் சொச்சம். ரிபப்ளிகன் ஒன்று. ரகசிய வாக்குரிமை என்பது அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் இருந்தது.

இருபத்தாறு வருஷம் கழித்து வந்த மார்ச் தேர்தலில் அவள் மகள் மர்லேனா நின்றாள்.

மர்லேனா கவுண்டி மருத்துவமனையில் நர்ஸ். அவர்கள் தெருமுனையில் இருந்த சின்ன கிளினிக்கைக் கவுண்டி மன்றம் ஒரு செவ்வாய்க்கிழமை மூடியது. மூடத் தீர்மானம் கொண்டுவந்தவர் அந்தப் பகுதியின் உறுப்பினர் ஹோரஸ் டிலார்ட். இருபது வருஷமாக இருக்கிறார். டெல்ராய் அவருடைய ஆள். மர்லேனா அவரை எதிர்த்து மனுப் போட்டாள். லுவெல்லாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. மகளுக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் டெமாக்ரட் சீட்டைக் கேட்க வேண்டும். கேட்டால் அவள் பெயர் டெமாக்ரட்டாகப் பதிவாகும். அன்றோடு அட்டையும் சாவியும் போய்விடும். டெமாக்ரட் அலுவலர் நாற்காலிக்கு ஏற்கெனவே ஒரு நீண்ட காத்திருப்புப் பட்டியல் இருந்தது. அதில் இருந்த இரண்டு பேர் காத்திருந்தே இறந்துபோயிருந்தார்கள்.

டெல்ராய் வந்தார். இந்தத் தடவை மீன் சாப்பிடவில்லை. அவள் போய்விட்டால் இன்னொரு ரிபப்ளிகனுக்கு எங்கே போவது, தெருவில் யார் சம்மதிப்பார்கள், வெளியாள் வந்தால் என்னாவது என்று புலம்பினார்.

"வர்றவன் நிஜ ரிபப்ளிகனா இருந்து தொலைச்சா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

அவராவது எதிர்த்தரப்பு. மகளும் அதையே சொன்னதுதான் லுவெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. துண்டுப் பிரசுரங்களை மடித்துக்கொண்டே மர்லேனா கணக்குச் சொன்னாள்: எப்படிப் பார்த்தாலும் மூவாயிரம் ஓட்டில் தோற்கப் போகிறாள், அடுத்த தடவைக்குப் பெயர் தெரியட்டும் என்றுதான் நிற்கிறாள்.

"மூவாயிரத்துக்குப் பதிலா ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுல தோத்தா என்ன பெருமை வந்துடப் போகுது? நீ உன் நாற்காலியை விடாதேம்மா."

"நான் உன்னைப் பெத்தவடி."

"அதான் சொல்றேன். பெத்த கடன் முடிஞ்சுது. இதுல ஒரு கடனும் இல்ல."

சொல்லிவிட்டு மர்லேனா பிரசுரத்தைக் கொஞ்சம் வேகமாகவே மடித்தாள். லுவெல்லா அந்த விரல்களைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்பவளின் விரல்கள் அப்படி மடிக்காது. சுதந்திர நாட்டில் தேர்தல் நடக்கிறது; எதிராளியின் பூத் பொறுப்பாளரும் வேட்பாளரும் ஒருமனதாக வந்து அவளிடம் அவளுக்குப் பிடித்தவருக்கு ஓட்டுப் போடாதே என்று கெஞ்சினார்கள். இப்படி ஓர் ஒற்றுமையை அந்தக் கவுண்டி அதற்கு முன் கண்டதில்லை.

ஒன்பதாம் பூத்தின் சாவடி, ரோலர் ஸ்கேட்டிங் கூடத்தின் முன்னறை. வழவழப்பான தரை, கனமான ஆள் உட்கார்ந்தால் நாற்காலி ஒரு சாண் பின்னால் போகும். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பதற்கு முன் அலுவலர்கள் தங்கள் ஓட்டைப் போட்டுவிட வேண்டும். தலைமை அலுவலர் மிஸ் வெர்டீ வழக்கம்போல லுவெல்லாவுக்காக ரிபப்ளிகன் கட்டைப் பிரித்து ஒரு சீட்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"டெமாக்ரட்" என்றாள் லுவெல்லா.

மிஸ் வெர்டீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "என்ன சொன்னே?"

"காதுல விழுந்ததைத்தான் சொன்னேன். சீட்டைக் கொடு."

சீட்டு வந்தது. அதன் நீளத்தைப் பார்த்து லுவெல்லா திகைத்துப்போனாள். முன்பக்கம், பின்பக்கம், வடிகால் வாரியத்துக்கு மூன்று பேர், நீதிபதிகளுக்கு நாற்பது பெயர். வெறுமையாக ஓர் இடம் இல்லை. இருபத்தாறு வருஷமாக வெற்று இலையில் சாப்பிட்டவளுக்குத் திடீரென்று விருந்து வைத்தால் எதில் கை வைப்பாள். மர்லேனாவின் பெயர் இரண்டாம் பத்தியில் நடுவில் இருந்தது. அதன் பக்கத்து வட்டத்தை மெதுவாக, ஓரம் பிசகாமல், பேனா அழுந்த நிரப்பினாள். பிறகு ஒவ்வொரு நீதிபதியையும் படித்தாள். மணி ஆறு பத்து ஆயிற்று. கதவைத் திறந்துவிட்டார்கள். வரிசையில் முதலில் நின்ற பேருந்து ஓட்டுநர், "மிஸ் லுவெல்லா, உள்ளே பொண்ணு பாக்குறீங்களா?" என்று கேட்டார். அவள் தாளைத் திருப்பினாள். நீதிபதிகள் இன்னும் பதினெட்டுப் பேர் பாக்கி இருந்தார்கள்.

அன்று முழுக்க அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துகளைச் சரிபார்த்தாள். அந்த நாளுக்கு மட்டும் நியமனம் செல்லும். செய்தி எட்டு மணிக்கெல்லாம் டெல்ராய்க்குப் போயிருந்தது. வந்தார், நீலக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார், உள்ளே பார்த்தார், திரும்பிப் போனார். மத்தியானம் மறுபடி வந்து நின்றார். ஒவ்வொரு தேர்தலிலும் அலுவலர்களுக்கு அடுத்து முதல் ஓட்டு தன்னுடையது என்று பீற்றிக்கொள்கிற மனிதர், அன்று மாலை வரை ஓட்டே போடவில்லை.

ஏழு மணிக்கு மூட வேண்டிய சாவடிக்கு ஆறு ஐம்பதுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

மிஸ் வெர்டீ கேட்காமலேயே டெமாக்ரட் சீட்டை நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார்.

"மத்தது" என்றார்.

"கட்சிப் பேரைச் சொல்லணும் டெல்ராய். சட்டம்."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அறையில் இருந்த ஐந்து பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு, பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி, "ரிபப்ளிகன்" என்றார்.

பட்டியல் ஒட்டியாயிற்று. மர்லேனா ஒன்பதாம் பூத்தில் ஜெயித்திருந்தாள். மற்ற இடங்களிலெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தாள். வித்தியாசம் மூவாயிரத்தைத் தாண்டும் என்று கைப்பேசி சொன்னது. கோட் பொத்தான் கூடப் போடாமல் ஓடிவந்தவள், தன் எண்ணைப் பார்க்கவில்லை. நேராகக் கீழே பார்த்தாள். ரிபப்ளிகன்: 1.

"நல்லவேளைம்மா" என்றாள். "சொன்ன பேச்சைக் கேட்டே." சிரிக்கத்தான் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

"அது நான் இல்ல."

"பின்னே யாரு? இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா?"

யார் எந்தச் சீட்டை வாங்கினார்கள் என்பதை அலுவலர் வெளியே சொல்வதில்லை. லுவெல்லா சொல்லவில்லை. ஆனால் வாசலுக்கு எதிரே, டிலார்டின் வெற்றி விருந்துக்குப் போகாமல் தன் பழைய காரில் சாய்ந்துகொண்டிருந்த டெல்ராயை நோக்கி நடந்தாள். மகளும் பின்னால் வந்தாள்.

"கட்சியில தெரிஞ்சா உன்னைத் தூக்கிடுவாங்க டெல்ராய்" என்றாள் லுவெல்லா.

"தெரியாம இருக்குமா. பதிவாயிடுச்சே."

"வெளியாள் வந்துடுவான்னு பயந்தா இதைப் பண்ணினே?"

டெல்ராய் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மர்லேனா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது பனிக்காலமெல்லாம் அவளை இதே காரில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவர் அவர்.

"டிலார்டுக்கு எதிரா நான் போட முடியாது. இவளுக்கு எதிராவும் முடியல. இந்தக் கவுண்டியிலேயே ரெண்டு பேர் பேரும் இல்லாத தாள் அது ஒண்ணுதான்."

மர்லேனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கழுத்திலிருந்த அட்டையின் நாடாவைப் பிடித்து, முறுக்கிக்கொண்டிருந்ததை நேராக்கிவிட்டாள். ரொம்ப நேரம் நேராக்கினாள்.

கோடையில் கவுண்டியிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பதிவேட்டின்படி லுவெல்லா பெட்டிஃபோர்ட் டெமாக்ரட் என்பதால் அவளது அலுவலர் நியமனம் ரத்தாகிறது, காத்திருப்புப் பட்டியலில் அவளது எண் முப்பத்தொன்பது என்றது முதல் கடிதம். இரண்டாவது டெல்ராய்க்கு. ஒன்பதாம் பூத்தில் பதிவான ஒரே ரிபப்ளிகன் என்ற முறையில், சாவடி அலுவலராக இருக்க அவருக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தது. அதற்குள் டெமாக்ரட் கட்சி அவரிடமிருந்து பூத் பொறுப்பைப் பறித்துவிட்டதால், அவருக்கு நேரம் நிறைய இருந்தது.

நவம்பரில், இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக, லுவெல்லா வரிசையில் நின்றாள். முன்னால் இருபது பேர். கால் வலித்தது. கழுத்து லேசாக இருந்தது அவளுக்குப் பழகவில்லை. அவள் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் டெல்ராய், அட்டையும் கண்ணாடியுமாக, நாற்காலி பின்னால் வழுக்காமல் இருக்க ஒரு காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரு?"

"டெல்ராய், நாப்பது வருஷமா தெரியும் உனக்கு."

"பேரைச் சொல்லுங்க மேடம். சட்டம்."

சொன்னாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார், எச்சில் தொட்டுப் புரட்டினார், மிஸ் வெர்டீயைப் பார்த்தார். மிஸ் வெர்டீ கூரையைப் பார்த்தாள். பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. யாரோ இன்னும் எவ்வளவு நேரம் என்று சத்தமாகவே கேட்டார்கள்.

லுவெல்லா கைப்பையை மேசையோரம் வைத்துவிட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "ரிபப்ளிகன் வேலைக்குப் புதுசு. போகப் போகப் பழகிடும்."