உடையார்கட்டில் ஏற்றம் இல்லை

அந்த வானில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். முன் இருக்கையில் நான், கதிர்காமநாதன். வானை ஓட்டியவன் என் தம்பியின் மகன் பிரதீபன். பின்னால் என் மனைவி இராசமலர், அவளுக்குப் பக்கத்தில் எங்கள் ஒரே மகள் யதுர்ஷிகா. ஐந்தாவதாக எவரும் இருக்கவில்லை. நால்வரும் இன்றும் ஜெயபுரத்தில்தான் இருக்கிறோம். சந்தேகம் உள்ளவர்கள் வீட்டுக்கு வந்து என்னிடமே கேட்கலாம். வாசல் படலைக்கு வெளியே நின்று கதைக்க வேண்டியதில்லை.

நான் பேய், முனி என்று கதைத்துத் திரிகிறவன் அல்ல. சண்டைக் காலத்தில் பிணங்களுக்கு நடுவே நடந்து வந்தவர்கள் நாங்கள். இருட்டுக்குப் பயப்படும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்று விடியற்காலை என் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

யதுர்ஷிகாவுக்கு முல்லைத்தீவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை கணித ஆசிரியர். கௌரவமான குடும்பம். சாதகமும் பொருந்தியது. வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதென்று நாள் குறித்தார்கள். அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முன்பு இரண்டு சம்பந்தங்கள் கடைசி நேரத்தில் தட்டிப் போயிருந்தன. இதுவும் தட்டிப் போனால் ஊர் வாய் யாரைக் குறை சொல்லும் என்று எனக்குத் தெரியும். பையனை அல்ல.

வாடகை வாகனத்தில் போய்க் கோயில் வாசலில் இறங்க நான் சம்மதிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அது வழக்கமில்லை. அதற்காகத்தான் அந்த வானை வாங்கினேன்.

வவுனியாவில் மயில்வாகனம் என்று ஒருவர் பழைய வாகனங்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய வளவில் மூன்று வான்கள் நின்றன. வெள்ளை வான் வேண்டாம் என்று இராசமலர் முன்பே சொல்லியிருந்தாள். வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திப்போன காலத்தைக் கண்ட இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காரணம் விளங்கும். சாம்பல் நிற வானைத் தெரிந்தெடுத்தேன்.

“ஐயா, நான் மறைக்கமாட்டன். இது அடிபட்டுத் திருத்தின வான். கண்டி வீதியிலை ஒரு மாட்டோடை மோதினது. மாடு செத்தது, மனிசருக்கு ஒரு கீறலும் இல்லை” என்றார் மயில்வாகனம்.

“பொய் எண்டு தெரிஞ்சால் திரும்பி வருவன்.”

“வாங்கோ ஐயா. வந்தால் தேத்தண்ணி தாறன்.”

குறையைத் தானே சொல்லி விற்கிற மனிதனை நம்பாமல் யாரை நம்புவது? மெக்கானிக்கைக் கூட்டிப்போய் முன்பக்கத்தை முழுதாகப் பார்த்தேன். இரும்பு சரி, எஞ்சின் சரி. ஊருக்குக் கொண்டுவந்ததும் ஐயர் முன்பக்கத்துக்குப் பொட்டிட்டுப் பூசை செய்தார். முன் கண்ணாடிக்கு மேலே பிள்ளையார் படம் ஒட்டினோம். பின்பக்கத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. அடிபட்டது முன்பக்கம்தானே.

கண்ணூறு கழிய நான்கு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்தோம். பிரதீபன் வானை மெல்ல எடுத்தான். முன்சில்லுகள் இரண்டும் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு போயின. பின்சில்லுகளும் ஏறித்தான் போயின, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அங்கே வைத்த இரண்டு காய்களும் முழுதாகக் கிடந்தன. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

“உருண்டு விலத்தியிருக்கும் பெரியப்பா” என்றான் பிரதீபன்.

இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

பெண் பார்க்கும் நாள் விடியப்புறம் நாலரை மணிக்கு வெளிக்கிட்டோம். யதுர்ஷிகா பச்சைச் சேலை கட்டியிருந்தாள். கன நாளைக்குப் பிறகு அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பும் வரை பிரதீபன் அவளைச் சீண்டிக்கொண்டே வந்தான்.

“தங்கச்சி, மாப்பிள்ளை கணக்கு வாத்தி. முதல் கேள்வி வாய்ப்பாடுதான். பாடமாக்கினனியோ?”

“எனக்குத் தெரியும் அண்ணா. உங்களைக் கேட்டால்தான் எங்கடை மானம் போகும்.”

“நான் வாயே திறக்கமாட்டன். வடையோடை நிண்டிடுவன்.”

இராசமலர்கூடச் சிரித்தாள். அதுதான் அன்று நாங்கள் கேட்ட கடைசிச் சிரிப்பு.

தருமபுரம் தாண்டியதும் அவள் சொன்னாள். “பிரதீபன், அந்த ஏசியை நிப்பாட்டு மோனை. குளிருது.”

“பெரியம்மா, இந்த வானிலை ஏசியே இல்லை.”

எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். இருவரும் சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டிருந்தார்கள். யதுர்ஷிகாவின் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்தது.

கொஞ்சத் தூரம் போனதும் மகள் பேசினாள்.

“அப்பா, எனக்குக் காது அடைக்குது.”

“கொட்டாவி விடு பிள்ளை, சரியாகும்” என்றேன்.

அப்போதுதான் தண்ணீர்ப் போத்தலைக் கவனித்தேன். அது என் காலடியிலிருந்து பின்பக்கமாக உருண்டு போனது. பெண்களின் இருக்கைக்குக் கீழே நுழைந்து பின்கதவில் போய் முட்டியது. பிரதீபன் பிரேக் போட்டான். வேகம் குறைந்தது. போத்தல் முன்னுக்கு வரவேண்டும். வரவில்லை. பின்கதவோடு ஒட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது.

“என்னடா மோனை, இவ்வளவு ஏத்தத்திலை ஓடுறாய்? நெஞ்சு அடைக்குது” என்றாள் இராசமலர்.

“ஏத்தமோ? கிளிநொச்சியிலை ஏத்தம் எண்டால் குளக்கட்டு மட்டும்தான் பெரியம்மா!”

அவள் சிரிக்கவில்லை.

“வெளியிலை ஒரே புகார். ஒண்டும் தெரியேல்லை. மெதுவாப் போ.”

எனக்கு முன்னால் தெரு துப்புரவாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் வயல். கிழக்கில் வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. புகார், மூடுபனி என்று ஒரு பொட்டும் இல்லை.

விசுவமடு கழிந்தது. உடையார்கட்டை நெருங்கினோம். அங்கே தெரு நேராகப் போகிறது. கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தேன்.

இருவரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள்.

பிறகு வலப்பக்கம்.

பிறகு மறுபடி இடப்பக்கம்... வளைவுகளில் ஓடும் பஸ்ஸில் இருப்பவர்கள் சாய்வதுபோல. சேர்ந்தாற்போல.

தெரு நேராக இருந்தது.

“இராசமலர்!”

அவள் என்னைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே, கீழே... எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிப்பாட்டடா” என்றேன்.

பிரதீபன் ஓரங்கட்டி நிறுத்தினான். எஞ்சினையும் நிறுத்திச் சாவித்துவாரத்திலிருந்து திறப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான். ஒரு சத்தமும் இல்லை. வயலில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

பின்னால் அவர்கள் சாய்ந்துகொண்டே இருந்தார்கள்.

“பெரியப்பா... வான் நிக்குதுதானே?”

“நிக்குது.”

“அப்ப அவை ஏன்...”

நான் இருக்கைக்கு மேலாகக் கையை நீட்டினேன். யதுர்ஷிகாவின் முழங்கால் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கை எட்டவில்லை. இன்னும் எட்டி நீட்டினேன். அந்த ஒரு முழம் அப்படியே இருந்தது. விரல் நுனியில் குளிர்காற்று அடித்தது. வேகமான காற்று. ஓடுகிற வாகனத்துக்கு வெளியே கை நீட்டினால் அடிக்கிற காற்று...

“அப்பா!” என்று அவள் கத்தினாள். வாய் அகலத் திறந்திருந்தது. குரல் வெகு தூரத்திலிருந்து, மெல்லியதாக வந்தது.

இறங்கி ஓடினேன். பக்கக் கதவை இழுத்தேன். அசையவில்லை. பிரதீபன் பின்கதவுக்கு ஓடினான். அதுவும் அசையவில்லை. கல்லை எடுத்துக் கண்ணாடியில் அடித்தான். கல் திரும்பி வந்தது.

கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் புகார் படிந்திருந்தது. அதில் என் மகளின் உள்ளங்கை வந்து ஒட்டியது. நான் வெளியிலிருந்து என் கையை அதன்மேல் வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

நான் யாரிடமும் உதவி கேட்டுப் பழகாதவன். அன்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். ஒருவரும் இல்லை.

பிறகு வளைவுகள் நின்றன.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

யதுர்ஷிகாவின் பின்னல் மெதுவாக மேலே எழுந்தது. சேலைத் தலைப்பு எழுந்தது. போத்தல் எழுந்தது.

அவர்களும் எழுந்தார்கள்.

கால்கள் தரையில் படவில்லை.

அவர்கள்... விழுந்துகொண்டிருந்தார்கள்.

வான் நின்றது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டமார்!

அந்தச் சத்தம் வானுக்குள்ளிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. தாருக்குக் கீழே, வெகு ஆழத்திலிருந்து.

பக்கக் கதவு தானாகத் திறந்தது.

யதுர்ஷிகா தெருவில் விழுந்தாள். இராசமலர் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி உள்ளேயே கிடந்தாள். எங்கள் கத்தல் கேட்டோ சத்தம் கேட்டோ, அதன் பிறகுதான் வயலுக்கு அப்பாலிருந்த வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்டது திறந்த கதவையும், தெருவில் கிடந்த பச்சைச் சேலையையும் மட்டும்தான்.

ஒரு மனிதர் தன் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். மகளுக்கு இரண்டு கால்களும் இடுப்பும் முறிந்திருந்தன. டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எவ்வளவு உயரத்தாலை விழுந்தவா?”

“உயரத்தாலை விழேல்லை. நிண்ட வானாலை விழுந்தவள்.”

“ஐயா, இது பெரிய உயரத்தாலை விழுந்த முறிவு.”

பக்கத்தில் நின்ற தாதிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டேன்.

இராசமலருக்குப் பின்னேரம்தான் பேச்சு வந்தது. என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஐஸ் மாதிரி இருந்தது.

“இஞ்சேருங்கோ... மற்ற ஆக்களைத் தூக்கியாச்சே?”

“எந்த ஆக்கள்?”

“எங்களோடை பின்னாலை இருந்த ஆக்கள்.”



வற்றாப்பளையில் மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரம் கழியும் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். தொலைபேசியில் சொன்னேன். “பிள்ளை முதல் சுகமாகட்டும், பிறகு பாப்பம்” என்றார்கள். பிறகு அவர்கள் எடுக்கவில்லை. நான் எடுத்தபோதும் பதில் இல்லை.

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பிரதீபனோடு பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனேன். மயில்வாகனம் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். தேத்தண்ணியைப் பற்றிப் பேசவில்லை.

“மாட்டோடை அடிபட்டது உண்மை ஐயா” என்றார். “அதுக்குப் பிறகு பின்னாலை ஒரு லொறி ஏறினது. பின்பக்கம் சப்பளிஞ்சு போச்சு. வேறை ஒரு வானை வெட்டி, அதின்ரை பின்பாதியை எடுத்து ஒட்டினவங்கள். நான் அதைச் சொல்லேல்லை.”

“அந்த மற்ற வான்?”

“மலைநாட்டு வான். வளைவிலை பள்ளத்துக்குள்ளை போனது. மூக்குக் குத்தி விழுந்ததாலை முன்பாதி நொறுங்கிப் போச்சு. பின்பாதியிலை ஒரு கண்ணாடியும் உடையேல்லை.”

“ஆக்கள்?” என்று பிரதீபன் கேட்டான்.

அவர் நிலத்தைப் பார்த்தார்.

“பின்னாலை இருந்த ஒருத்தரும் மிஞ்சேல்லை தம்பி. கதவு திறபடேல்லையாம். முன்னாலை இருந்த ரெண்டு பேர் மட்டும் பாதையிலையே தெறிச்சு விழுந்து தப்பினவையாம். அவை மேலை நிண்டு... பாத்துக்கொண்டு நிண்டவையாம்.”

வான் இப்போது எங்கள் வளவில் நிற்கிறது. திருப்பிக் கொடுக்கவில்லை. விற்கவும் மாட்டேன். விற்றால், வாங்குகிறவன் முன்னால் ஏறுவான். அவனுடைய பெண்கள் பின்னால் ஏறுவார்கள். சித்திரை வெயிலிலும் அதன் பின் கண்ணாடிகள் உட்புறம் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. யதுர்ஷிகா இன்றும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அவளுக்கு வேறு ஒருவனில் விருப்பமாம். நான் கட்டாயப்படுத்தி ஏற்றிக்கொண்டு போனேனாம். ஓடுகிற வானின் கதவைத் திறந்து அவளே குதித்தாளாம். முல்லைத்தீவு வரைக்கும் அந்தக் கதை போயிருக்கிறது.

அது பொய். வான் ஓடவில்லை. திறப்பு பிரதீபனின் கையில் இருந்தது. என் மகள் குதிக்கவில்லை.